மூணு கட்டையில தொடங்க வேண்டிய பாட்டு

எனக்குக் கோவம் வந்தா மொதல்ல காது செவக்கும், அப்புறந்தான் வாய் தொறக்கும்னு என் வீட்டுக்காரர் சொல்லுவாரு. அன்னைக்குச் சபைக் கமிட்டிக் கூட்டத்துல வாய் முந்திக்கிருச்சு.

"விஜய்ராஜண்ணே, நேராச் சொல்லுங்க. உங்க மகளக் கீபோர்டுல உக்கார வைக்கணும்னா வச்சுக்கங்க. எதுக்கு இப்பிடிச் சுத்தி வளைக்கிறீக?"

விஜய்ராஜண்ணன் எங்க சபைக்குப் பொருளாளர். போடி பஜார்ல அவருக்கு ஜவுளிக்கடை. அதே பஜார்ல எங்களுக்குக் குக்கர் கடை. குக்கர் விக்கிறத விட கேஸ்கட்டும் விசிலும் கைப்பிடியும் மாத்திக் குடுக்கிறதுதான் அதிகம். வாரம் பூரா நான் அங்கன நின்னு, "இந்த விசிலு எங்க குக்கருக்குச் சேருமா?"ங்கிற கேள்விக்குப் பதில் சொல்றவ. ஞாயித்துக்கெழமை மட்டும் சபையில கீபோர்டு வாசிக்கிறவ. பதினாறு வருஷமா அந்த ஸ்டூல்ல வேற யாரும் உக்காந்ததில்ல. ஆராதனை நடக்குற நேரத்துல யாரும் என்னைய ஒண்ண எடுக்கச் சொல்ல மாட்டாக, ஒண்ண வைக்கச் சொல்ல மாட்டாக. எனக்குன்னு இந்த ஒலகத்துல இருக்குற எடம் அது ஒண்ணுதான். அதைத்தான் இப்பக் கேக்குறாக.

அண்ணனோட மக ஷெரின் மதுரையில காலேஜு படிக்கிது, சனி ஞாயிறுன்னா ஊருக்கு வந்துரும். படிச்சுக்கிட்டே பியானோ கிளாஸுக்கும் போயி, லண்டன் பரீட்சையெல்லாம் எழுதிப் பாஸ் பண்ணிருக்கு. அந்தச் சர்டிபிகேட்ட அண்ணன் பிரேம் போட்டுக் கடையில மாட்டிருக்காரு. நல்ல புள்ளதான். அதுமேல எனக்கு என்ன கோவம்? அதுமேலயும் கோவந்தான். பொய் சொல்லுவானேன்.

"கோவப்படாத சாராளு," அப்பிடின்னாரு அண்ணன். "உத்தமபாளையத்துல ஐக்கிய கிறிஸ்துமஸ் வருதுல்ல. எல்லாச் சபை ஆளுகளும் சேந்து வாசிக்கிறாக. நம்ம சபைக்கு நீயே போயி வாசி. நாங்களும் வந்து கேக்குறோம். நல்லா வாசிச்சேன்னா நீயே இரு. சொதப்புனேன்னா வருஷப் பொறப்புலருந்து ஷெரின் உக்காரட்டும். இது நியாயந்தான?"

பாஸ்டர் நியாயந்தான்னாரு. கமிட்டியில எல்லாரும் தலையாட்டுனாக. நானும் ஆட்டிட்டு வந்துட்டேன், வேற என்ன செய்ய?

இதுல ஒரு விசயம் இருக்கு. எனக்கு வெள்ளை கீ மட்டுந்தான் வாசிக்கத் தெரியும். கருப்பு கீயில கைய வச்சா வெரல் எங்கன போறதுன்னு தெரியாம நின்னுரும். சுருதிய நாங்க கட்டைன்னு சொல்லுவோம். ஒரு கட்டைன்னா கீழ, ரெண்டு மூணுன்னு ஏற ஏறச் சத்தம் ஒசரும். நான் எல்லாப் பாட்டையும் ஒரு கட்டையிலயே பழகிட்டேன். ஆளுக ஒசத்திப் பாடுனா அதுக்குக் கீபோர்டுல ட்ரான்ஸ்போஸ்னு ஒரு பட்டன் இருக்கு. அத அமுக்குனா வெரலு அதே எடத்துலதான் ஓடும், சத்தம் மட்டும் ஏறிக்கிரும். எவ்வளவு ஏத்திருக்கோம்னு சின்னத் திரையில நம்பர் காட்டும். அந்த நம்பர எவனும் பாத்துரக் கூடாதுன்னு திரை மேல ஒரு பைபிள் வசன ஸ்டிக்கர ஒட்டி வச்சிருந்தேன். யாராச்சும் கேட்டா பக்தின்னு சொல்லிக்கலாம்ல.

ஒத்திகை ராயப்பன்பட்டியில. அங்கனதான் எனக்குப் பயமே. ராயப்பன்பட்டிக்காரக பேப்பர்ல நோட்ஸ் பாத்து வாசிக்கிறவுகன்னு எங்க பக்கம் பேச்சு. அதுலயும் வயலின் வாசிக்கிற பொன்னுராஜ் சார்னு ஒருத்தரு. பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரு. மதுரை வரைக்கும் போயி மேடையில வாசிச்சவரு. தப்பு வாசிச்சா வில்லக் கீழ வச்சிட்டு மொறைப்பாருன்னு சொல்லியிருந்தாக. பஸ்ஸு தேவாரம் ஊரத் தாண்டுறதுக்குள்ள நான் பதிலெல்லாம் தயார் பண்ணிட்டேன். 'நோட்ஸ் தெரியுமா?'ன்னு கேட்டா, 'பாட்டு தெரியும், போதுமா?'ன்னு கேக்கணும். 'யாருகிட்டக் கத்துக்கிட்டீக?'ன்னா, 'உங்ககிட்ட இல்ல'ன்னு சொல்லணும். ஒவ்வொண்ணையும் வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டேன்.

பஸ்ஸ விட்டு எறங்குனா, ஒசரமா, ஒல்லியா ஒருத்தரு எக்ஸ்எல் வண்டியில காலூனிக்கிட்டு நிக்கிறாரு.

"போடி சாராளா? கீபோர்டத் தூக்கிட்டு நடந்து வருவீகளேன்னு வந்தேன். முன்னாடி வைங்கம்மா, நான் கால வச்சுப் பிடிச்சுக்கிறேன்."

"உங்கள யாரு அனுப்புனாக?"

"யாரும் அனுப்பல. நான் பொன்னுராஜு, வயலின் வாசிக்கிறவன்."

நான் தயார் பண்ணி வச்ச பதில்ல ஒண்ணுகூட இதுக்குச் சேரல. வண்டியில ஏறி உக்காந்தேன். அவரு மெதுவா ஓட்டுனாரு. பள்ளம் வந்தா, "பிடிச்சுக்கங்க"ன்னாரு. இந்த மனுசனா மொறைப்பாரு? இல்ல, வீட்டுக்கு வந்த ஆளுக்கு மொதல்ல தண்ணி குடுத்துட்டு அப்புறம் திட்டுற ரகமா? ஒண்ணும் பிடிபடல.

ஒத்திகை நடந்த எடத்துல இன்னும் ரெண்டு பேரு இருந்தாக. ஒருத்தரு சண்முகராஜு, தபலா. காமயகவுண்டன்பட்டியில திராட்சத் தோட்டம். ஊர்ல பஜனைக்கும் வாசிப்பாரு, கோயில் கொடைக்கும் வாசிப்பாரு, கிறிஸ்துமஸ் வந்தா இங்கனயும் வந்து வாசிப்பாரு. கூடை நெறையத் திராட்ச கொண்டாந்திருந்தாரு. இன்னொருத்தரு ஏசுதாசன், பேஸ் கிட்டாரு. லோயர் கேம்ப்ல எலக்ட்ரிக் வேல. வயசுல சின்னவரு. சபரிமலை வண்டி ரோட்ட அடைச்சிருச்சுன்னு லேட்டா வந்து எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டாரு. ஏங்கிட்டயும் கேட்டாரு. நான் வந்தே பத்து நிமிசம் ஆகல, ஏங்கிட்ட எதுக்குய்யா மன்னிப்பு?

வாசிக்க ஆரம்பிச்சோம். பாதிப் பாட்டுல ஏதோ ஒரு எடம் இடிச்சுச்சு. ஒடனே ஏசுதாசன் லேசாக் கையத் தூக்குனாரு. எறக்குனாரு. பாட்டு பாட்டுக்குப் போயிக்கிட்டே இருந்துச்சு. அடுத்த பாட்டுல இன்னொரு எடத்துல பொன்னுராஜ் சாரு வில்லத் தூக்கிக் காட்டுனாரு. அப்புறம் சண்முகராஜண்ணன். யாரும் ஒரு வார்த்த பேசல. ஆகா, இவுக என் தப்ப எண்ணுறாக! கண்டுபிடிக்கிற ஆளு கையத் தூக்கணும்னு ஏற்கெனவே பேசி வச்சிருக்காக! இருக்கட்டும்டா, எண்ணுங்கன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு வாசிச்சேன்.

பாட்டு முடிஞ்சதும் பொன்னுராஜ் சாரு எம்பக்கம் திரும்புனாரு.

"சாராளு, ரெண்டாவது வரி முடியுற எடத்துல எடது கையில ஒண்ணு பண்ணீகளே, அது என்னதும்மா?"

"ஏன், தப்பா?"

"இல்ல, இன்னொரு தடவ வாசிங்க. நானும் பழகிக்கிறேன்."

அம்புட்டுத்தான். காது செவந்துருச்சு. "சார், கேலி பண்றதுன்னா வேற ஆளப் பாருங்க. நான் கடைய அடைச்சுப் போட்டுட்டு ரெண்டு பஸ்ஸு மாறி வந்துருக்கேன். கத்துக்கிட்டு வரலதான், காதால கேட்டு வாசிக்கிறவதான். அதுக்காக வயசுக்கு மூத்தவரு இப்பிடியா பேசுறது?"

ஏசுதாசன் வாயில போட்ட திராட்சய மெல்லாம வச்சிருந்தாரு. கடைசியில சண்முகராஜண்ணன்தான் பேசுனாரு.

"ஆத்தா, சாருக்குக் கேலியெல்லாம் வராது. இத்தன வருஷத்துல அவரு ஒரு தமாசு பேசி நான் கேட்டதில்ல. நெசமாத்தான் கேக்குறாரு, வாசிச்சுக் காட்டிருத்தா."

வாசிச்சுக் காட்டுனேன். சாரு வயலின்ல அத எடுக்கப் பாத்தாரு, வரல. மறுபடி கேட்டாரு, மறுபடி வரல. ஹெட்மாஸ்டரு, மதுரை மேடையெல்லாம் பாத்தவரு, குக்கர் கடைக்காரிகிட்ட, "அந்த எடத்துல கொஞ்சம் மெதுவாம்மா"ங்கிறாரு. நாலாந் தடவ வந்துருச்சு. வந்ததும் மொகத்துல ஒரு சந்தோசம் பாருங்க! எனக்குத்தான் ஒரு எழவும் புரியல.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். "அவுக ரொம்ப நல்லா நடந்துக்கிறாக. இதுல ஏதோ இருக்கு."

"என்ன இருக்கப் போகுது? நல்லவுகளா இருப்பாக."

"அப்பிடியெல்லாம் ஒருத்தரு சும்மா இருக்க மாட்டாக."

"நான் உனக்குச் சும்மாதான சோறு போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கேன்?" அப்பிடின்னாரு. அன்னைக்கு அவருதான் சமையல்.

ரெண்டு நாள் கழிச்சு ஏசுதாசன் போன் போட்டாரு. "அக்கா, உங்க கடையில பழைய மாடல் குக்கருக்குக் கேஸ்கட்டு இருக்குமா?" எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. அப்பாடா, இதுதான் விசயம்! ஓசிக் கேஸ்கட்டுக்குத்தான் இந்த அக்கா நொக்காவெல்லாம். மறுநாள் கடைக்கு வந்தாரு. பேரம்கூடப் பேசாம வாங்கிக்கிட்டாரு. போகும்போது, "சண்முகராஜண்ணன் குடுத்து விட்டாரு"ன்னு ஒரு பை திராட்சய கல்லா மேல வச்சிட்டுப் போயிட்டாரு. நான் அந்தப் பையப் பாத்துக்கிட்டே நின்னேன். வந்த ஆளு விசிலு கேட்டதுகூடக் காதுல விழல.

அடுத்தடுத்த ஒத்திகையிலயும் இப்பிடியேதான். ஒரு தடவ நான் ஸ்டிக்கர் பக்கம் குனிஞ்சு பட்டன எண்ணி எண்ணி அமுக்குறத ஏசுதாசன் பாத்துட்டாரு. பாத்துட்டு, தன் கிட்டாரத் திருப்பி, கம்பிக்குப் பக்கத்துல வச்சிருந்த புள்ளியக் காட்டுனாரு. எல்லாம் நெயில் பாலிஷு. "என் பொண்டாட்டிதுக்கா. இது இல்லேன்னா எனக்கு எந்த எடம் எதுன்னே தெரியாது." எதுக்கு இத ஏங்கிட்டக் காட்டுறாருன்னு எனக்குப் பயந்தான் வந்துச்சு. என் ரகசியத்தப் பிடுங்கத்தான் தன் ரகசியத்த முன்னால வைக்கிறாரோன்னு, "ஓகோ"ன்னு சொல்லிட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

நிகழ்ச்சி அன்னைக்கு உத்தமபாளையத்துல மைதானம் பூராச் சாமியானா போட்டு, ஸ்டார் கட்டி, நாற்காலி பத்தாம ஆளுக நின்னாக. முன் வரிசையில விஜய்ராஜண்ணன். பக்கத்துல ஷெரின். அண்ணன் மடியில கைய வச்சுக்கிட்டு, பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் மாதிரி என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு.

மொதல் ரெண்டு பாட்டும் நல்லாப் போச்சு. மூணாவதுதான் பெரிய பாட்டு. எல்லாச் சபைப் பாடகர்களும் சேந்து பாடுறது, மூணு கட்டையில. மொதல்ல நான் மட்டும் தனியா முன்னிசை வாசிக்கணும், அப்புறம் எல்லாரும் சேருவாக, அப்புறம் பாட்டு. நான் முன்னாலயே பட்டன அமுக்கிச் சுருதிய ஏத்தி வச்சிட்டு உக்காந்திருந்தேன். அந்த நேரம் பாத்து யாரோ ஒரு ஐயா வாழ்த்துரை பேச வந்தாரு. பேசுனாரு, பேசுனாரு, பேசிக்கிட்டே இருக்கும்போது கரண்டு போயிருச்சு. ஜனங்க கை தட்டுனாக. ஜெனரேட்டர் போட்டாக. லைட்டு வந்துச்சு, என் கீபோர்டுலயும் வெளக்கு எரிஞ்சுச்சு. ஐயாவ எறக்கி விட்டுட்டுப் பாடகர்கள ஏத்துனாக. பொன்னுராஜ் சாரு எம்பக்கம் தலையசைச்சாரு. நான் ஆரம்பிச்சேன்.

ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல பாக்குறேன், ஏசுதாசன் சாரப் பாக்குறாரு. சாரு கண்ணால ஏதோ சொல்றாரு. சண்முகராஜண்ணன் தபலாவ ஓரமாத் தள்ளி வச்சிட்டு, பின்னாடி கெடந்த டோலக்க எடுத்து மடியில வைக்கிறாரு! ஒத்திகையில இந்தப் பாட்டுக்குத் தபலாதான? ஏன் டோலக்கு? எனக்குக் கை ஓடிக்கிட்டு இருக்கு, மூளை வேற பக்கம் ஓடுது. இதுக்குத்தான் இத்தன நாள் காத்திருந்தீகளா? அம்புட்டுப் பேரு முன்னாடி, அண்ணன் முன்னாடி, என்னையக் கவுக்குறதுக்கு! பாவிகளா, திராட்ச குடுத்தீகளேடா!

மூணு பேரும் வாசிப்புல சேந்துட்டாக. பாடகர்கள் வாயத் தொறந்தாக. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு.

பொம்பளைக சத்தமெல்லாம் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருது. ஒசந்து நிக்க வேண்டிய பாட்டு தரையில தவழுது. கரண்டு போயி வந்ததுல கீபோர்டு பழையபடி ஒரு கட்டைக்கே வந்துருச்சு. நம்பரப் பாத்துருந்தா தெரிஞ்சிருக்கும், நம்பர் மேலதான் நான் ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கேனே. தப்பான சுருதியில ஆரம்பிச்சது நான். அவுக முன்னிசை முடியுறதுக்குள்ள அதக் கேட்டு, ஆளுக்காளு எறங்கி, நான் இருந்த எடத்துக்கே வந்து சேந்துருக்காக. தபலாவோட சுருதிய ஒடனே எறக்க முடியாதுன்னு, சுருதி பாக்காத டோலக்க எடுத்திருக்காரு அந்த அண்ணன். ஒருத்தரு மொகமும் சுழிக்கல. எம்பக்கம் திரும்பக்கூட இல்ல. பாட்டு முடியுற வரைக்கும் வாசிச்சேன். எப்பிடி வாசிச்சேன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

ஜனங்க கை தட்டத்தான் செஞ்சாக. ஆனா ஷெரின் அப்பா காதுல ஏதோ சொல்றது மேடையிலருந்தே தெரிஞ்சுச்சு. அது பரீட்சை எழுதுன காது. தப்புமா?

எல்லாம் முடிஞ்சு மேடைக்குப் பின்னாடி பிரியாணிப் பொட்டலம் குடுத்துக்கிட்டு இருந்தாக. விஜய்ராஜண்ணன் நேரா எங்ககிட்ட வந்தாரு. ஷெரின் பின்னாடியே வந்து தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு.

"பெரிய பாட்டுல சுருதி கீழ எறங்கிப் போச்சாமே. பாடுனவுகளுக்குத் தொண்டையே வரல. யாரு தப்பு?"

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மூணு கை மேல போச்சு.

"என் தப்பு," அப்பிடின்னாரு பொன்னுராஜ் சாரு. "நான்தான் எறக்கி வாசிக்கச் சொன்னேன்."

"என் தப்புண்ணே. பனியில என் கம்பி தளந்துருச்சு," இது ஏசுதாசன்.

"எந்தப்புய்யா. தபலா சேரல," இது சண்முகராஜண்ணன், வாயில பிரியாணியோட.

மூணு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டாக. பேசி வச்சுச் சொன்னதில்லன்னு நல்லாத் தெரிஞ்சுது. பேசி வச்சிருந்தா ஒரே பொய்யச் சொல்லிருப்பாகல்ல?

அண்ணன் மூணு மொகத்தையும் மாறி மாறிப் பாத்தாரு. அப்புறம் பொன்னுராஜ் சார் பக்கம் திரும்பி, "ஏன் சார், மதுரை வரைக்கும் போயி வாசிக்கிறவருன்னு சொல்லுவாக. இம்புட்டுப் பேரு பாட்ட இப்பிடிக் கெடுத்துட்டீகளே?"ன்னாரு. சாரு தலையக் குனிஞ்சுக்கிட்டு, "ஆமா, தப்புத்தான்"ங்கிறாரு!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

"அண்ணே, அவுக சொல்றது ஒண்ணையும் நம்பாதீக. கரண்டு போனதுல என் கீபோர்டு மாறிப் போச்சு. பாக்காம ஆரம்பிச்சது நான். எனக்கு ஒரு கட்டையத் தவிர வேற வாசிக்கத் தெரியாது. இவுக மட்டும் எறங்கி வரலேன்னா பாட்டு அங்கனயே நின்னுருக்கும். சாரப் பாத்து ஒரு வார்த்த பேசுனீகன்னா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்."

அண்ணன் மோசமான ஆளு இல்ல. சொன்ன சொல்லுப்படி செய்யுற ஆளு. "அப்ப கமிட்டியில பேசுனபடியே வச்சுக்குவோம் சாராளு," அப்பிடின்னாரு. "வருஷப் பொறப்புலருந்து ஷெரின் உக்காரட்டும்." சொல்லிட்டு மகளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அந்தப் புள்ள மட்டும் ரெண்டு தடவ திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சு.

எடம் போச்சு. அப்பிடியே அந்த மூணு பேருமேல பாஞ்சேன்.

"யாருய்யா உங்களப் பொய் சொல்லச் சொன்னது? நானு உங்களுக்கு என்ன சொந்தமா, பந்தமா? எதுக்குய்யா இப்பிடி இருக்கீக? ஒத்திகையில கையத் தூக்கித் தூக்கி என் தப்ப எண்ணுனீக, இங்கன வந்து உங்க தப்புங்கிறீக. எனக்குப் பைத்தியம் பிடிக்கிது!"

"உங்க தப்பையா?" ஏசுதாசன் முழிச்சாரு. "அய்யய்யோ அக்கா, அது எண்ணுறதில்ல. எங்கயாச்சும் இடிச்சா, என் தப்புன்னு யாராச்சும் கையத் தூக்கிருவோம். யாரு தூக்கணும்னு கணக்கெல்லாம் கெடையாது. யாரு தப்புன்னு தேடிக்கிட்டு நின்னா ஒத்திகை நடக்குமா? தூக்குனாச் சோலி முடிஞ்சுச்சு, மேல போயிக்கிட்டே இருக்கலாம். பழகிப் போச்சு. அந்தண்ணன் வந்து கேட்டதும் கை தானா மேல போயிருச்சு."

"ஆமாத்தா,"ன்னாரு சண்முகராஜண்ணன். "எங்க வீட்டுல பால் பொங்குனாக்கூட நான் தூக்கிருவேன்."

நான் அழுதுட்டேன். எடம் போனதுக்குத்தான் அழுகுறேன்னு அவுக நெனைச்சுக்கிட்டு, "எங்களாலதான் இப்பிடி ஆச்சு"ன்னு மறுபடியும் ஆளுக்காளு ஆரம்பிச்சுட்டாக. நான் அழுதது அதுக்கு மட்டும் இல்ல. பதினாறு வருஷமா எங்க சபையில மைக்கு கூவுனாலும், ஆளுக வரிய மறந்தாலும், பாஸ்டரு தப்பான பாட்டு நம்பரச் சொன்னாலும், எல்லாத் தலையும் கீபோர்டு பக்கந்தான் திரும்பும். அப்பிடித்தான் இருக்கும்னு நான் நெனைச்சிருந்தேன். பக்கத்துல ஒரு ஆளு இருந்தா வேற மாதிரியும் இருக்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு அந்த மாதிரி ஆளு இருந்ததே இல்லியே. இத அவுககிட்டச் சொல்லாம, "பிரியாணி ஆறுது, தின்னுங்க"ன்னு சொன்னேன்.

வருஷம் பொறந்துச்சு. ஞாயித்துக்கெழமை மொதத் தடவையாப் பொம்பளைக வரிசையில உக்காந்தேன். கைய எங்கன வைக்கிறதுன்னு தெரியல. என் ஸ்டூல்ல ஷெரின். முதுக நேரா வச்சுக்கிட்டு, முன்னாடி பேப்பர விரிச்சு வச்சுக்கிட்டு, நல்லாத்தான் வாசிச்சுச்சு. ஆண்டவர் சந்நிதியில பொய் பேசக் கூடாது. ஒரே ஒரு எடத்துலயாச்சும் அது தப்பு வாசிக்கணும்னு நான் கண்ண மூடி வேண்டிக்கிட்டேன். நெசமாவே வேண்டிக்கிட்டேன்.

அந்த மாதிரி ஜெபந்தான் ஒடனே கேக்கப்படும் போல. மூணாவது பாட்டுல, சரணம் முடிஞ்சு பல்லவிக்குத் திரும்புற எடத்துல, ஷெரின் பல்லவிக்கு வராம அடுத்த சரணத்துக்குப் போயிருச்சு. சபை ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம். பாடுனவுக ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாக. கீபோர்டு மட்டும் தனியா நடுங்கிக்கிட்டுப் போகுது. வழக்கம்போல எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்புச்சு. அந்தப் புள்ள பயந்துபோயி, நிறுத்தவும் தெரியாம, போகவும் தெரியாம, வேர்த்துக் கெடக்கு. எனக்கு நல்லா இருந்திருக்கணும். கேட்டது கெடைச்சிருச்சே, சந்தோசமால்ல இருக்கணும்?

பாத்தா, நான் அடுத்த சரணத்தப் பாடுறேன். அந்தப் புள்ள எங்கன இருக்கோ அங்கன இருந்து, வாயத் தொறந்து, சத்தமா. என் குரலு பாடுற குரலு இல்ல, பஜார்ல வெல சொல்ற குரலு. பக்கத்துல நின்ன அம்மா ரெண்டு அடி தள்ளிப் போயிட்டாக. இப்ப எல்லாத் தலையும் எம்பக்கம் திரும்புச்சு. திரும்பட்டும்னு இன்னும் ஒசத்துனேன். ரெண்டாவது வரியில பொம்பளைக சேந்தாக, மூணாவது வரியில ஆம்பளைக சேந்தாக. ஷெரின் அதப் பிடிச்சுக்கிட்டு வாசிக்க, பாட்டு மேல போச்சு.

ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா வாசல்லயே விஜய்ராஜண்ணன்.

"இது நல்லாருக்கா சாராளு? எடம் போச்சுங்கிற பொறாமையில இப்பிடியா கத்துறது? புள்ள ஒழுங்கா வாசிச்சுக்கிட்டு இருந்துச்சு. நீ கெளப்புன சத்தத்துலதான் பாட்டே கெட்டுச்சு."

பொறாமையா? இருந்துச்சுதான். ஆனா அவரு சொல்ற எடத்துல இல்லியே. திருப்பிக் குடுக்க வாய் வரைக்கும் பதில் வந்துருச்சு. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வந்து விழுந்துச்சு.

"ஆமாண்ணே. என் தப்புத்தான்."

அண்ணன் பின்னாடி நின்ன ஷெரின், பேப்பர மார்போட அணைச்சுக்கிட்டு, "இல்லப்பா, என் தப்பு," அப்பிடின்னுச்சு.

"நீ சும்மா இரு புள்ள, என் தப்புத்தான்,"ன்னேன் நான்.

"இல்லக்கா, என்னுது."

அண்ணன் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு நின்னாரு. அவருக்கு ஒண்ணுமே வெளங்கல. பாவம், எனக்கும் மொதல்ல அப்பிடித்தான் இருந்துச்சு.